கடைசிச் சொட்டுத் தண்ணீர்

அரசுப் பணியில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகளில் ஒன்று இன்றும் மனத்தை உறுத்துகிறது. எழுபதுகளின் கடைசியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வேதியியல் துறையின் கொள்முதல் பட்டியலில் ‘நீரற்ற ஈதர்’, ‘சோடியம் உலோகம்’ என்று இரண்டு இனங்கள் வந்தன. சாதாரண ஈதர் இருப்பில் இருந்தது. ‘ஈதர் கையிருப்பில் உள்ளது, மேற்படி இனங்கள் தேவையில்லை’ என்று எழுதி வெட்டிவிட்டேன். அரசுப் பணத்தை மிச்சப்படுத்திய பெருமை வேறு!

சில வாரங்களில் பேராசிரியர் என் மேசைக்கே வந்தார். முதுகலை மாணவர்களின் கிரிக்னார்டு சோதனை ஒருவருக்குக்கூட நடக்கவில்லையாம். கோபிக்கவில்லை. “தம்பி, ஈதர் இருக்கு, சரிதான். அதுல தண்ணியும்லா இருக்கு?” என்றார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். நீரற்றது என்பதற்கான ‘அனித்ர்’ என்ற சொல்லைப் பள்ளியிலேயே படித்தவன். பட்டியலில் பார்த்தபோது புத்திக்கு எட்டவில்லை. அதன் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நம் பாடநூல்கள் கிரிக்னார்டு என்று எழுதும் விக்தோர் கிரிஞார், லியோன் நகரில் 1900ஆம் ஆண்டு மக்னீசியச் சீவலை ஈதரில் இட்டு, கரிம ஹாலைடு ஒன்றோடு வினைபுரிய வைத்தார். கிடைத்த சேர்மம் கார்பனோடு கார்பனைப் பிணைக்க உதவியது. 1912இல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்தச் சேர்மத்துக்குத் தண்ணீர் ஜென்ம விரோதி. ஈதரில் ஈரம் இருந்தால் வினை தொடங்காமலே நின்றுவிடும்; தொடங்கினாலும் உண்டானது அழிந்துபோகும்.

காய்ச்சி வடித்தால் தண்ணீர் போய்விடாதா என்று கேட்பீர்கள். சாராயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை வடித்தாலும் எடையில் சுமார் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும். அந்த அளவில் ஆல்கஹாலும் தண்ணீரும் கைகோத்து, 78 டிகிரியை ஒட்டிய ஒரே கொதிநிலையில் ஆவியாகின்றன. மிச்சமுள்ள நாலரைப் பங்கு தண்ணீரை நெருப்பு மட்டும் பிரிக்காது. தண்ணீர் மேல் அதைவிடத் தாகமுள்ள இன்னொரு பொருள் வேண்டும்.

1796இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லோவிட்ஸ், உலர்ந்த காரத்தைச் சேர்த்து மெல்லிய சூட்டில் வடித்துத் தூய ஆல்கஹாலைப் பெற்றார். பின்னாளில் ஆய்வகங்களில் இதற்கு வழக்கமாகப் பயன்பட்டது சுட்ட சுண்ணாம்பு. புன்னக்காயலில் என் ஆச்சி வீட்டில் வெள்ளையடிக்கச் சிப்பிச் சுண்ணாம்பைத் தாளிக்கும்போது, தண்ணீர் பட்டதும் அது கொதித்துப் பொங்குவதைச் சிறுவயதில் எட்டி நின்று பார்த்திருக்கிறேன். அதே தாகம்தான் ஆல்கஹாலிலிருந்தும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்க மயில்துத்தம் போதும். வறுத்தால் வெளுத்துவிடும், துளி ஈரம் பட்டால் மறுபடி நீலமாகும்.

1902இல் இங்கிலாந்தின் சிட்னி யங் வேறு வழி கண்டார். பென்சீனைச் சேர்த்து வடித்தால், மூன்றும் கலந்த ஆவி சுமார் 65 டிகிரியிலேயே தண்ணீரைச் சுமந்துகொண்டு வெளியேறும். ஆலைகளுக்கு இது வசதியானது. ஆனால் பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் பொருள்.

ஈதருக்கு முதலில் கால்சியம் குளோரைடு. மீதி ஈரத்துக்குச் சோடியத்தைக் கம்பியாகப் பிழிந்து உள்ளே விடுவார்கள். ஈதர் 35 டிகிரிக்குள் கொதிப்பது. ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. சோடியமோ தண்ணீரைக் கண்டால் ஹைட்ரஜனைக் கிளப்பிச் சூடேறும். அதே சோடியத்தைக் குளோரோஃபார்மில் போட்டால் வெடித்துவிடும். எந்தத் திரவத்துக்கு எது என்று தெரியாமல் கைவைத்தால் ஆபத்து. சோடியத்தைச் சூடாக்கி வடிக்கும் முறைக்கு மாற்றாக, அலுமினா நிரப்பிய குழாய் வழியே திரவத்தைச் செலுத்தும் முறையை 1996இல் அமெரிக்காவில் கிரப்ஸ் குழுவினர் வெளியிட்டனர். நெருப்பே தேவையில்லை. நீர் மூலக்கூறை மட்டும் பிடித்து வைக்கும் நுண்துளைச் சல்லடை மணிகளும் வந்துவிட்டன. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் ஈரத்தை எடுக்கவும் இன்று அவைதான்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் அதே இரண்டு இனங்களும் வந்தன. ஒரு கேள்வியும் கேட்காமல் பரிந்துரைத்து அனுப்பினேன். ஆனால் முந்தைய ஆண்டு மாணவர்கள் அந்தச் சோதனையைச் செய்யாமலே படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், வெட்டியவன் நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.