வேதக்காரர்களின் வேதம்

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில், பெரியவர்கள் தேவாலயத்தை ‘வேதக்கோயில்’ என்றும் கிறிஸ்தவர்களை ‘வேதக்காரங்க’ என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரிக், யஜுர், சாமம் என்று போகும் வரிசையின் பெயர் எப்படி இயேசுவின் ஆட்கள் மேல் வந்து ஒட்டியது?

அதில் பெரும்பங்கு ஒரு இத்தாலியருடையது. 1606-ல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி. காவி கட்டினார், புலாலை விட்டார், சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதமும் வேதமும் படித்தார். சமஸ்கிருத மறைநூல்களை இவ்வளவு வெறியோடு படித்த ஐரோப்பியர் அவருக்கு முன்னால் அநேகமாக யாரும் இல்லை. படித்துவிட்டு ஒரு சாமர்த்தியமான வாதத்தை வைத்தார்: உங்கள் வேதங்களில் ஒன்று தொலைந்துபோனது, முக்தி தருவது அதுதான், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இதே ஆள்தான் பூணூலும் போட்டுக்கொண்டு, மதுரையில் ஏற்கெனவே இருந்த பரவர் தேவாலயத்தை விட்டுத் தள்ளி நின்றார். அங்கிருந்த பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் கொதித்துப்போய் மேலிடத்துக்குப் புகார் எழுத, வழக்கு ரோம் வரை போனது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக ஆணை தந்தார். எனக்கு நொபிலியின் உழைப்பு மேல் மரியாதை உண்டு. அந்தத் தள்ளி நிற்றலை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, ‘தொலைந்த வேதம்’ தமிழில் வந்ததா? அதுதான் இல்லை. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் என்று நொபிலி எழுதிக் குவித்தார். பைபிளை மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு முன்பே 1578-ல் கொல்லத்தில் அன்றீக்கே அன்றீக்கசு தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டிருந்தார், 16 பக்கம். அதுவும் ஜெபமும் போதனையும்தான். திரெந்து சங்கம் லத்தீன் வுல்காத்தாவையே அதிகாரபூர்வமான பைபிள் என்று அறிவித்திருந்தது; மக்கள் மொழியில் அதை வாசிக்க அனுமதி வாங்க வேண்டிய காலம். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், யூசர் மேனுவல் தமிழில் வந்துவிட்டது, சோர்ஸ் கோட் பூட்டியே இருந்தது.

நொபிலி 1656-ல், கண்பார்வை மங்கி, மயிலாப்பூரில் இறந்தார். அதற்குச் சரியாக அரை நூற்றாண்டு கழித்து, 1706-ல், தரங்கம்பாடியில் இறங்கினார் சீகன்பால்கு. லுத்தரன், கத்தோலிக்கருக்கு எதிரணி. ஆனால் கிறிஸ்தவத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவர் கற்றது கத்தோலிக்கர் எழுதிவைத்த தமிழ் நூல்களிலிருந்து. 1708-ல் தன்னிடமிருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் போட்ட பட்டியலில் அவையும் இருக்கின்றன. கடவுளுக்கு அவர்கள் புழங்கிய ‘சருவேசுரன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். 1714-ல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் பணியும், அடுத்த வருடம் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சில் வந்தன. தம்பிரான் வணக்கம் வந்து 136 வருடம் கழித்து! எதிராளியின் சொற்களை வைத்தே எதிராளி செய்யாத வேலையைச் செய்தது, தமிழ் உரைநடை வரலாற்றின் சுவாரசியமான திருப்பங்களில் ஒன்று.

வீரமாமுனிவர் சும்மா இருப்பாரா? தேம்பாவணி பாடிய காதுக்கு அந்தத் தமிழ் நாராசமாக இருந்தது. வேதவிளக்கத்தில் லுத்தரன்களின் மொழிபெயர்ப்பைக் கிண்டலடித்துத் தள்ளினார். நியாயமான கிண்டல்தான், சீகன்பால்கின் தமிழ் கரடுமுரடுதான். ஆனால் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டுபோன வீரமாமுனிவர், லத்தீன் பைபிளைத் தமிழுக்குக் கொண்டுவரவில்லை. அவர் கையால் அது வந்திருந்தால் நமக்கு எப்பேர்ப்பட்ட உரைநடை கிடைத்திருக்கும் என்று எனக்கு இன்றும் ஏக்கம்தான்.

சென்னையில் அந்த வேலையைத் தொடர்ந்ததும் லுத்தரன்தான். வேப்பேரியில் பப்ரீசியஸ் மொழிபெயர்ப்பைத் திருத்தித் திருத்தி எழுதி, 1772-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவருக்குக் கிடைத்த அச்சு இயந்திரம், 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தூக்கிவந்தது. சருவேசுரனை எடுத்துவிட்டுப் ‘பராபரன்’ என்று போட்டார். பிற்பாடு அது ‘தேவன்’ ஆனது. இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் வர 1995 ஆகிவிட்டது. அதில் அவர் ‘கடவுள்’.