நாணல், பூளைப்பூ, வாழைப்பூ போதும்... வீட்டிலேயே செய்யலாம் பூ அலங்காரம்! எந்தச் செடியைத் தொடவே கூடாது?

முகூர்த்த நாள் வந்துவிட்டால் திருச்சி காந்தி மார்க்கெட்டிலும் ஸ்ரீரங்கத்திலும் பூ விலை எகிறிவிடும். வரவேற்பறை மேஜைக்கு ஒரு பூங்கொத்து வைக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால், திருச்சியிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், காவிரியின் வடகரையில் இருக்கும் முசிறி போன்ற ஊர்களில் அலங்காரத்துக்கான செடிகள் வாய்க்கால் ஓரத்திலேயே கிடைக்கின்றன. எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது தெரிந்தால் போதும்.

எந்தச் செடிகளை எடுக்கலாம்?

கோரை: முசிறி பகுதியில் பாய் நெய்யப் பயன்படும் அதே கோரைதான். பச்சையாக வெட்டி வைத்தால் நிமிர்ந்து நிற்கும். வயலில் இருப்பது விவசாயியின் பயிர் என்பதால், கேட்டு வாங்குவதே முறை.

நாணல்: மழைக்காலத்தை ஒட்டி வெள்ளைக் குஞ்சம் போலப் பூக்கும். தண்ணீர் இல்லாமலேயே மாதக்கணக்கில் இருக்கும். காய்ந்த பூ சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் சாமி விளக்கு, கேஸ் அடுப்பு பக்கம் வைக்கக் கூடாது.

பூளைப்பூ, ஆவாரம்பூ: பொங்கலுக்கு முன் வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவது இவற்றைத்தான். பூளைப்பூ காய்ந்தாலும் வடிவம் மாறாது. ஆவாரம்பூ சில நாள்தான் தாங்கும், ஆனால் அதன் மஞ்சள் நிறம் தனி அழகு.

வாழைப்பூ: முசிறி, தொட்டியம் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. காம்போடு வெட்டிய பூவை அரை மணி நேரம் பழைய பேப்பர் மேல் வைத்து, பால் வடிந்த பிறகு பயன்படுத்த வேண்டும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது.

எப்படி அடுக்குவது?

பூக்கடைகளில் தண்டுகளைக் குத்தி நிறுத்த ஸ்பாஞ்ச் கட்டி வைப்பார்கள். வீட்டில் அது தேவையில்லை. கோரை அல்லது வைக்கோலைப் பாத்திரத்தின் உயரத்தைவிடச் சற்றுக் குறைவாக நறுக்கி, வாழை நாரால் இறுக்கிக் கட்டி, செம்புக்குள் நிற்க வைத்தால் போதும். அந்த இடுக்குகளில் செருகும் தண்டுகள் சாயாது.

உயரமான தண்டு, பாத்திரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். நாணல் அல்லது கோரையைப் பின்னால் உயரமாகவும், வாழைப்பூவை நடுவில் தாழ்வாகவும், பூளைப்பூவைச் சுற்றிலும் வைக்கலாம். 3 அல்லது 5 தண்டுகளே போதும். அடைத்துத் திணித்தால் எடுபடாது.

பச்சைத் தண்டுகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அழுகி நாற்றமடிக்கும். பழுத்த வாழைப்பழத் தாரின் பக்கத்திலும் பூவை வைக்கக் கூடாது. பழம் வெளியிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும்.

உஷார்! இந்தச் செடிகள் வேண்டாம்

செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர். பார்க்கத் தீ ஜுவாலை போல இருக்கும். ஆனால் கிழங்கு முதல் விதை வரை எல்லாப் பாகத்திலும் கோல்ச்சிசின் என்ற நச்சு உண்டு. கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம்.

அரளி, பொன்னரளி: இரண்டிலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது. அரளி மீதான அச்சத்தால், 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைப் பயன்படுத்துவதை நிறுத்தியது.

எருக்கு: இதன் பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும்.

பார்த்தீனியம்: சிறு வெள்ளைப் பூக்கள் பொக்கே பூ போலவே தெரியும். ஆனால் தோல் அரிப்பு, மூச்சுப் பிரச்னையைக் கிளப்பும் களை இது.

தவழும் குழந்தையோ, நாய், பூனையோ இருக்கும் வீட்டில் இவற்றுக்கு இடமே கொடுக்கக் கூடாது. குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவோ, கை வைத்தியம் பார்க்கவோ கூடாது. உடனே 108-ஐ அழைத்து, கடித்த செடியின் துண்டையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவி, கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரிலும் ஆபத்து இருக்கு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இது போன்ற தேங்கிய நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் 10 நாட்கள் வரை போதும். எனவே 2 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவது பூவுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

வெறுமனே கொட்டினால் மட்டும் பத்தாது. ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் செம்பின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் கோரைக் கட்டை வாரம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு நாணலும் பூளைப்பூவும்தான் பெஸ்ட் சாய்ஸ். தலைகீழாகத் தொங்கவிட்டு நிழலில் 2 வாரம் உலர்த்தினால், தண்ணீரே ஊற்றாமல் அலங்காரம் ரெடி.