தறிக்குடோனும் லண்டன் பட்டமும்

பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களில் "பாக்கி" என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. தறி ஓட்டுகிறவர் முதலாளியிடம் முன்கூட்டியே வாங்கிய பணம்தான் பாக்கி. அது தீரும்வரை வேறு குடோனுக்குப் போக முடியாது. போவதென்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். (முதலாளியின் இருப்புநிலைக் குறிப்பில் இது சொத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்பது வணிகவியல் படிக்கிறவர்களுக்கான கொசுறு.)

இதைப் பற்றி டீக்கடையில் இரண்டு கட்சி. "வாங்குன காசையெல்லாம் குடிச்சே தீர்த்தா எப்படிங்க முன்னேறுவான்?" என்பது ஒன்று. "தொழிலே அப்படித்தானுங்க நடக்குது, அவன் என்ன பண்ணுவான்?" என்பது இன்னொன்று. சமூகவியல், சமூகக் கொள்கை என்று இன்று முதுகலையில் சொல்லித்தரும் படிப்பின் ஆரம்பத்தைத் தேடிப் போனால் அங்கேயும் இதே சண்டைதான் நடந்திருக்கிறது. சமூகக் கொள்கை என்றதும் கட்சிக் கொள்கை விளக்கக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம் :-) கூலி, வீடு, வைத்தியம், ரேஷன், ஓய்வூதியம் போன்றவற்றில் அரசு என்ன செய்கிறது, அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஆராய்கிற படிப்பு அது.

1869இல் லண்டனில் தருமம் செய்வதை முறைப்படுத்த ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஏழையின் வீட்டுக்குப் போய் விசாரித்து, நல்ல நடத்தை உள்ளவருக்கு மட்டும் உதவ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதாவது டீக்கடையின் முதல் கட்சி. இப்படி விசாரிப்பவர்களுக்குப் பயிற்சி தர 1903இல் ஒரு சமூகவியல் பள்ளியும் நடத்தினார்கள். அந்தப் பள்ளி 1912இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியோடு (எல்.எஸ்.இ.) இணைந்து, அங்கே சமூக அறிவியல் துறை ஆனது.

ஏழ்மையை ஆராய்வதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதுதான் சுவாரசியம். சர் ரத்தன் டாடா! நானோ கார் ரத்தன் டாடா இல்லை. ஜாம்ஷெட்ஜியின் இளைய மகன், 1918இல் காலமானவர். ஆண்டுக்கு 1,400 பவுண்டு தந்தார். 1877இல் நாக்பூரில் திறந்த எம்ப்ரஸ் பஞ்சாலைதான் அந்தக் குடும்பத்துச் செல்வத்தின் முக்கிய அஸ்திவாரங்களில் ஒன்று. இந்தியப் பஞ்சில் வந்த பணம் இங்கிலாந்தில் ஏன் ஏழைகள் இருக்கிறார்கள் என்று ஆராயப் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் யாருக்காவது இது வேடிக்கையாகத் தோன்றியதோ இல்லையோ!

டாடா அறக்கட்டளைக்கு 1913இல் இயக்குநராக வந்த ஆர். ஹெச். டாவ்னி இரண்டாவது கட்சி. வறுமை என்பது தனி மனிதனின் குணக்கேடு அல்ல, தொழில் நடத்தப்படும் விதத்தில் இருக்கிற கோளாறு என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1909இல் பிரிட்டனில் வந்த ஒரு சட்டம் நான்கு தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வழி செய்தது. சங்கிலி செய்வதும் ரெடிமேட் தையலும் அவற்றில் இரண்டு. கூலியை ஏற்றினால் வேலை போய்விடும் என்று முதலாளிகள் பயம் காட்டினார்கள் (திருப்பூரில் கேட்ட மாதிரி இருக்கிறதா?). டாவ்னி இரண்டு தொழில்களையும் ஆராய்ந்து 1914இலும் 1915இலும் புத்தகம் போட்டார். கூலி உயர்ந்தது, பயமுறுத்திய அளவுக்கு வேலை ஒன்றும் போகவில்லை என்பது முடிவு.

அதே 1915இல்தான் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊருக்கே போய் நிலம், கடன், கூலி எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். 1918இல் அது புத்தகமானது. அதிலுள்ள இருவேல்பட்டு என்ற ஊரை 1930களிலும் 1980களிலும் 2008இலும் வேறு வேறு ஆட்கள் மறுபடி போய்ப் பார்த்தார்கள். நூறு வருஷம் ஒரு கிராமத்தின் கூலிக் கணக்கு கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆரம்பித்து வைத்தது மாணவர்கள் எழுதிய குறிப்புகள்.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஷரத் சாரி 1990களில் திருப்பூர் வந்தார். சாதாரண விவசாயக் குடும்பத்துக் கவுண்டர்கள் எப்படிப் பனியன் கம்பெனி முதலாளி ஆனார்கள் என்பது அவர் கேள்வி. கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: "உழைப்பு". 2004இல் வந்த அவர் புத்தகம் அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்து உலுக்குகிறது. உழைப்பு பொய்யில்லை. ஆனால் அதே உழைப்பு சொந்தக்காரர்களின் உறவும் கடனும் கிடைத்த ஆண்களுக்கு மூலதனமாக மாறியது. பெண்களுக்கும் தலித்துகளுக்கும் கூலியாகவே நின்றுவிட்டது. பஞ்சப்படி கேட்டு 1984இல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தமும் அதில் வருகிறது.

பிறகு சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நெவ்வும் வந்து திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களை ஆராய்ந்தார்கள். (டி நெவ் அதற்கு முன்பே பவானி, குமாரபாளையம் பக்கத்துத் தறிகளைப் பற்றி எழுதியவர். 1999இல் வந்த அவர் கட்டுரைத் தலைப்பிலேயே "பாக்கி" அப்படியே இருக்கிறது!) ஒரு கிராமத்தில் தலித் இளைஞர்கள் பஸ் ஏறிப் பனியன் கம்பெனிக்குப் போய், தோட்டத்து வேலையை நம்பியிருப்பதிலிருந்து விடுபட்டிருந்தார்கள். இன்னொரு கிராமத்தில் விசைத்தறி. அங்கே பாக்கி அவர்களைத் தறியோடு கட்டிப்போட்டிருந்தது. இரண்டு ஊருக்கும் எட்டும் தூரத்தில் அதே திருப்பூர்தான்.

இரண்டு கிராமங்களுக்கும் கற்பனைப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஆய்வில் அதுதான் முறை. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படிக்கிற எந்தப் பல்லடத்துக்காரரும் நாலு பக்கத்துக்குள் "இது அந்த ஊராத்தான் இருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார்.