சுருள்சிரைச் சிகிச்சையில் மருத்துவர் தெரிவு

சுருள்சிரை அல்லது வெரிகோஸ் வெயின் என்பது காலின் மேலோட்டமான சிரைகள் விரிந்து, நெளிந்து, தோலுக்கு அடியில் கயிறு போலப் புடைத்துத் தெரியும் நிலையாகும். இந்நோய்க்கு யாரிடம் சிகிச்சை பெறுவது, அவர் பரிந்துரைக்கும் சிகிச்சை தேவையானதுதானா என்பதை எவ்வாறு அறிவது ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பெயர்க் குழப்பம்

பேச்சு வழக்கில் இந்நோய் நரம்புச் சுருட்டல் எனப்படுகிறது. கையில் ஊசி போடும் சிரையையும் நாம் நரம்பு என்றே சொல்கிறோம். அறிவியல் தமிழில் நரம்பு என்பது உணர்வைக் கடத்துவது; குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்வது சிரை. இக்குழப்பத்தால் நரம்பியல் மருத்துவரைத் தேடிச் செல்வோரும், நரம்புக்கு வலுவூட்டும் மாத்திரை கேட்போரும் உளர். இது அவர் துறை அன்று. இந்நோய்க்கு உரியவர் இரத்தநாள அறுவை மருத்துவர்.

நோய் உண்டாகும் விதம்

நிற்கும் ஒருவரின் கணுக்காலுக்கும் இதயத்துக்கும் இடையே ஏறத்தாழ 120 செ.மீ. உயரக் குருதித் தூண் உள்ளது. இதனால் கணுக்காலின் சிரைகளில் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரச அழுத்தம் ஏற்படும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒரு பம்பு போல் இயங்கிக் குருதியை மேலே தள்ளுகிறது. சிரைகளில் உள்ள ஒருவழி வால்வுகள் அது மீண்டும் இறங்காமல் தடுக்கின்றன; அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. வால்வு பழுதானால் மேலே சென்ற குருதி திரும்ப இறங்குகிறது. இது பின்னோட்டம் எனப்படும். நடந்தாலும் அழுத்தம் குறையாததால் நாளடைவில் வீக்கம், அரிப்பு, தோல் கருத்தல், இறுதியில் ஆறாப் புண் ஆகியவை உண்டாகலாம்.

புடைத்துத் தெரியும் சிரை பெரும்பாலும் விளைவே. காரணமான வால்வு தொடையிடுக்கிலோ முழங்காலின் பின்புறத்திலோ இருக்கலாம். காரணத்தை விட்டு விளைவை மட்டும் நீக்கினால் நோய் திரும்பும்.

பரிசோதனை

பின்னோட்டத்தைக் காட்டுவது டூப்ளெக்ஸ் டாப்ளர் ஸ்கேன். இதை நோயாளியை நிற்க வைத்துச் செய்தல் வேண்டும். படுத்த நிலையில் புவியீர்ப்பின் தாக்கம் குறைவாதலால் பின்னோட்டம் புலப்படாமல் போகக்கூடும். மேலோட்டமான சிரைகளில் 0.5 வினாடிக்கு மேல் நீடிக்கும் பின்னோட்டம் நோயாகக் கருதப்படுகிறது. ஆழ்சிரைகள் அடைப்பின்றி உள்ளனவா என்பதும் பார்க்கப்பட வேண்டும். ஆழ்சிரை அடைபட்டவருக்கு மேற்சிரையே மாற்றுவழியாக இருக்கலாம். அதையும் மூடினால் நிலைமை மோசமாகும். ஆகவே ஸ்கேன் எடுக்காமலே அறுவைக்கு நாள் குறிப்பவரிடமிருந்து விலகுவதே நன்று.

தகுதி

இந்தியாவில் எம்.எஸ். பொது அறுவை மருத்துவம் முடித்தபின் மூன்றாண்டு பயின்று பெறும் எம்.சிஎச். பட்டம் இத்துறைக்கு உரியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இப்படிப்பு உள்ளது. தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் பட்டமும் இதற்கு இணையானதே. பயிற்சி பெற்ற பொது அறுவை மருத்துவர்களும் இடையீட்டுக் கதிரியல் மருத்துவர்களும் இச்சிகிச்சையைச் செய்கின்றனர், அதில் தவறில்லை. ஆனால் 'லேசர் நிபுணர்' என்பது ஒரு பட்டமன்று. மருத்துவரின் பதிவையும் பட்டத்தையும் மாநில மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ சரிபார்க்கலாம்.

பட்டம் மட்டுமே போதாது. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்நோயாளிகளை அனுப்ப வேண்டிய பிரிவுக்கு இரு திறன்களை வரையறுத்தது: முழுமையான டூப்ளெக்ஸ் பரிசோதனை, எல்லாவகைச் சிகிச்சைகளையும் அளிக்கும் ஆற்றல். இரண்டாவதே பலரும் கேட்க மறப்பது. ஒரே ஒரு கருவி வைத்திருப்பவருக்கு வரும் கால்கள் யாவும் அக்கருவிக்கு ஏற்ற கால்களாகத் தோன்றக்கூடும்.

சிகிச்சை முறைகள்

சிரையைக் கட்டும் அறுவையை டிரெண்டலன்பர்க் 1890-களின் தொடக்கத்தில் விவரித்தார். 1907-இல் பாப்காக் சிரையினுள் கம்பி செலுத்தி உருவி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ நூறாண்டுகள் இதுவே முதன்மை முறையாக விளங்கியது. அமெரிக்காவில் 1999-இல் ரேடியோ அதிர்வெண் முறைக்கும், 2002-இல் லேசர் முறைக்கும் அனுமதி கிடைத்தது. இவை சிரையை உள்ளிருந்தே சுட்டு மூடுகின்றன. சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த உப்பு நீர் செலுத்தப்படும். அது வலியைத் தடுப்பதோடு தோலையும் நரம்பையும் சூட்டிலிருந்து காக்கிறது. நுரை மருந்து ஊசி, பசை கொண்டு ஒட்டும் முறை ஆகியவையும் உள்ளன. நைஸ் வழிகாட்டுதலின்படி முதலில் வெப்ப முறை, அது பொருந்தாவிடில் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிடில் அறுவை.

லேசர், ரேடியோ அதிர்வெண் ஆகிய இரண்டில் எது உயர்ந்தது என்ற விளம்பரப் போட்டியில் நோயாளி சிக்க வேண்டியதில்லை. சிரையை மூடுவதில் இரண்டும் ஏறக்குறைய இணையானவையே. செய்பவரின் கைத்திறனே கூடுதல் வேறுபாட்டைத் தரும்.

கேட்கத்தக்கவை

எந்தச் சிரையில் பின்னோட்டம் உள்ளது, எவ்வளவு நேரம், ஆழ்சிரை நலமா என்பவற்றுக்கு மருத்துவர் ஸ்கேன் அறிக்கையைக் காட்டி விடை சொல்ல இயல வேண்டும். இம்முறையை ஏன் தெரிந்தெடுத்தார், வேறு முறை ஏன் பொருந்தாது, சிகிச்சையை அவரே செய்வாரா, பின்னர் மீண்டும் ஸ்கேன் உண்டா எனவும் கேட்கலாம். ஆழ்சிரையில் குருதிக்கட்டி, நரம்புக் காயத்தால் மரத்துப்போதல், தோல் சுடுதல் ஆகியவை அரிதெனினும் நேரக்கூடியவை. 'எந்த ஆபத்தும் இல்லை' என்பவர் இவற்றை மறைக்கிறார் என்றே கொள்ள வேண்டும். லேசர் இழையும் ரேடியோ அதிர்வெண் குழாயும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த உருவாக்கப்பட்டவை. புதியதா எனக் கேட்பது அநாகரிகமன்று.

சிலந்தி வலை போன்ற நுண்சிரைகள் மட்டும் உள்ளவருக்குப் பெரும்பாலும் இது அழகு சார்ந்த சிக்கலே. அவருக்குப் பெருஞ்சிரையை மூடப் பரிந்துரைத்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

புண் உள்ளவர்கள்

கணுக்காலருகே ஆறாப் புண் உள்ளவர் காத்திருத்தல் கூடாது. பிரித்தானியாவில் 450 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான எவ்ரா ஆய்வில், தொடக்கத்திலேயே சிரையை மூடியவர்களுக்குப் புண் ஆற இடைநிலையாக 56 நாட்களும், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாட்களும் ஆயின. இரு பிரிவினரும் அழுத்தக் கட்டும் அணிந்திருந்தனர். ஆயினும் கட்டு போடுமுன் காலின் தமனி ஓட்டத்தைச் சோதிப்பது இன்றியமையாதது. தமனி சுருங்கிய காலில், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிக்கு, இறுக்கமான கட்டு தசையழுகலுக்கும் வழிவகுக்கலாம். கணுக்காலிலும் கையிலும் குருதி அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனையைச் செய்யாமல் கட்டு போடுபவரிடம், அதைச் செய்யுமாறு நோயாளியே கேட்கலாம்.