தஞ்சைக் கட்டாரி

குத்துவாள் வகை. ஆங்கில 'எச்' எழுத்துப் போன்ற குறுக்குப்பிடி. மூடிய கையின் நேர்முன்னே நீளும் அலகு. 16, 17-ஆம் நூற்றாண்டுக் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையைக் காக்கும் வளைதகடும் யாளி உருவும் உண்டு. அலகு பெரும்பாலும் ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டியெடுத்துத் தறையாணியால் பொருத்தியது. அதற்காகவே போலி என ஒதுக்குவது பெரும்பிழை. மின்பற்றவைப்புத் தழும்பு, அமிலத்தால் வரவழைத்த துரு இவையே ஐயத்துக்குரியவை. பழைய அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் சான்றும் அழியும், விலையும் சரியும். 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனை ஆயுதக்கொட்டில் கலைக்கப்பட்டபோது பல கருவிகள் பழைய இரும்பாக உடைபட்டன. ஈடுசெய்ய முடியாத இழப்பு. தப்பியவற்றில் சிறந்த சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நூறாண்டு கடந்த கட்டாரி 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.