செங்கல்பட்டில் தோற்ற ஊசியும் கொலையாளி செல்களும்

கூடுவாஞ்சேரியை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயர் உலக மருத்துவ நூல்களில் இருக்கிறது. காரணம், ஒரு தடுப்பூசி!

1968-ம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை இம்மாவட்டத்தில் சோதிக்கத் தொடங்கியது. சுமார் 2,80,000 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். சிலருக்கு பி.சி.ஜி., மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது.

1979-ல் வந்த முதல் முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. 1999-ல் வெளியான 15 ஆண்டு முடிவும் அதையே சொன்னது.

ஏன் இப்படி? காசநோய்க் கிருமி ஒளிந்திருப்பது, கிருமிகளை விழுங்க வேண்டிய காவல் செல்லுக்கு உள்ளேயே. ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் அங்கே எளிதில் எட்டாது. அந்தச் செல்லையே சாகடிப்பது ஒரு வழி. அந்த வேலையைச் செய்பவை கொலையாளி டி செல்கள்.

நோயுற்ற செல்லை இவை எப்படி அடையாளம் காண்கின்றன என்பதை 1974-ல் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் விளக்கினர்; 1996-ல் நோபல் பரிசு பெற்றனர். டி செல் இலக்கோடு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளையிடும். கிரான்சைம் என்ற நொதி உள்ளே புகுந்து, செல்லுக்குள் ஏற்கனவே இருக்கும் சாவுப் பொறியை முடுக்கிவிடும். டி.என்.ஏ. துண்டாகும், செல் சுருங்கிச் சிதறும். பக்கத்துச் செல்களுக்குப் பெரிய சேதமில்லை! 1972-ல் இந்த இறப்புக்கு 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். டி செல்லின் கிரானுலைசின் என்ற புரதம் காசநோய்க் கிருமியையே கொல்லும் என்பது 1998-ல் தெரியவந்தது.

பி.சி.ஜி.யில் உள்ள கிருமியோ, தன்னை விழுங்கிய பைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் கொலையாளி செல்களுக்குப் பயிற்சி போதவில்லை என்பது ஒரு விளக்கம். மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக் கிருமிகள் மக்களுக்கு முன்பே பழக்கமாகியிருந்தன என்பது இன்னொன்று.

முதல் விளக்கத்தை ஒட்டி ஜெர்மனியில் உருவானதுதான் வி.பி.எம்.1002. பையைத் துளைக்கும் புரதம் சேர்க்கப்பட்ட பி.சி.ஜி. இது. தங்கியிருக்கும் செல்லை இது எளிதில் சாக வைக்கிறது. சிதறிய துண்டுகள் டி செல்களுக்குப் பாடமாகின்றன. 2019-ல் இந்தியாவிலும் நோயாளிகளின் வீட்டாரிடம் இதன் சோதனை தொடங்கியது.

பழைய பி.சி.ஜி. வீண் அல்ல, குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. பெரியவர்களுக்கு அது போதாது என்று உலகம் அறிந்ததில், கை நீட்டிய அந்த மக்களுக்குப் பெரும் பங்குண்டு.