வைக்கோலில் அடை, மணலில் கேக்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம். நன்னிலம் பக்கம் காரடையான் நோன்பு வைக்கும் வீடுகளில் அன்றைக்குச் சிறுமிகளுக்கு அடுக்களையில் ஒரு வேலை காத்திருக்கும். வறுத்த பச்சரிசி மாவை வெல்லத் தண்ணீரில் வெந்த காராமணியோடு கிளறி அம்மா உருண்டை பிடித்துத் தருவாள். அதை வாழையிலைத் துண்டில் வைத்துத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட வேண்டும். ஓட்டை அழகுக்கு அல்ல. அதன் வழியாக ஆவி ஏறினால்தான் நடுப்பாகம் பச்சை மாவாக நிற்காமல் வேகும். பொடி விரலுக்கு அது அளவாக அமையும். பாட்டியின் விரல் பட்டால் அடை கிழிந்துவிடும்.

பழைய முறையில் இட்லித் தட்டு கிடையாது. பானையில் தண்ணீர், அதன்மேல் வைக்கோல், வைக்கோல்மேல் அடை. சத்தியவானின் உயிரை எமனிடம் மீட்ட சாவித்திரி, காட்டில் கிடைத்ததைக் கொண்டு நோன்பு முடித்தாள் என்று இதற்குக் கதை சொல்வார்கள். காட்டைவிட வயல்தான் பொருத்தமான காரணம் என்று தோன்றுகிறது. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல்போர் புதிதாக நிற்கும் காலம் அது.

புளிக்க வைக்காமல், ராத்திரி முழுக்கக் காத்திருக்காமல், மாவு பிசைந்த கையோடு வேகவைத்துத் தின்னும் ரொட்டி என்று பார்த்தால், இந்த ஊரின் ரொட்டி அடைதான். உப்படைக்கும் வெல்ல அடைக்கும் துணை உருகாத வெண்ணெய். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நமக்கு யாரும் கப்பலேறி வந்து கற்றுத்தரவில்லை.

கப்பலேறி வந்தவர்கள் என்னவோ பக்கத்திலேயேதான் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் முதலில் போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் கோட்டை எழும்பி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விலைபோனது. இரண்டு ஊரும் நன்னிலத்துக்கு ஒரு நாள் வண்டிப் பயணம்தான். ரொட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசியரின் ‘பாண்’ ஈழத்தமிழில் இன்றும் அன்றாடச் சொல். பாண் வேகும் ‘போறணை’யும் அவர்கள் விட்டுப்போனதே. டெல்டாவின் உள்ளூர்களில் அந்தச் சொற்கள் ஊன்றவில்லை. நெல் விளையும் மண்ணில் கோதுமைக்கு என்ன வேலை? வெகுகாலம் ரொட்டி என்பது காய்ச்சல்காரருக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் பத்தியச் சாப்பாடு. வீட்டில் ரொட்டி வந்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள்.

1960-களின் நடுவில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவில் இறங்கியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தல் மேடைகளில் முழங்கிய காலம் அது. அரிசிச் சீமைக்குள்ளும் கோதுமை ரேஷன் பையில் நுழைந்தது.

வீட்டில் கேக் செய்ய மாவு வந்தாயிற்று, பொங்க வைப்பது எது? அதற்குத் தமிழ்ச் சமையலறை வைத்த பெயர் ஆப்ப சோடா. கள் ஊற்றி ஆப்ப மாவைப் புளிக்கவைத்த வேலையை இந்த வெள்ளைத் தூள் ஒரு சிட்டிகையில் செய்துவிட்டது. தயிரின் புளிப்போடு சேர்ந்த உடனே நுரைக்கும், அவ்வளவுதான் ரகசியம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1843-இல் பேக்கிங் பவுடர் செய்ததும், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காகத்தான்.

அடுப்புப் பெட்டிதான் பாக்கி. அதற்குப் பதில் வந்தது பிரஷர் குக்கர். ஹாக்கின்ஸும் பிரெஸ்டீஜும் 1959-ஐ ஒட்டி இந்தியாவில் இதைத் தயாரிக்கத் தொடங்கின. ஆவிக்கென்று பிறந்த பாத்திரத்தில் ஆவியே இல்லாமல் சமைத்ததுதான் வேடிக்கை. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் இரண்டு விரல்கடை மணல் பரப்பி, மேலே மாவுக் கிண்ணத்தை வைத்து மூடுவார்கள். சிறு தீயில் முக்கால் மணி நேரம். தண்ணீருக்கும் வைக்கோலுக்கும் பதில் மணல்.

மணல் கொண்டுவருவது பிள்ளைகள் வேலை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12; பள்ளி விடுமுறையோ மே மாதம். முடிகொண்டானும் அரசலாறும் வறண்டு மணல் வெளுத்துக் கிடக்க, பிள்ளைகள் கையில் வேலை இல்லாமல் இருக்கும் காலம் அது. அள்ளிய மணலைச் சலித்துக் கிளிஞ்சலைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்துத் தருவார்கள். ரவையும் தயிரும் சர்க்கரையும் கரைக்கும்போது கரண்டி யாருக்கு என்று சண்டை. கேக் வெந்ததா என்று ஈர்க்குச்சியைக் குத்திப் பார்க்கிற உரிமைக்கும் சண்டைதான். குச்சியில் மாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். பாதி வீட்டில் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அடி கருகும்.

ஆற்று மணலுக்கு இப்போது லாரிக்காரர்களிடம் விலை கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் சூடேறிப் பழுப்பான பழைய மணலையே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி, பரணில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு.